சீமைக்கருவேலம்: கண்மாய்க்குள் பார்த்ததும் வாட்ஸ்அப்பில் படித்ததும்

கண்மாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

சித்திரை பிறந்தால் எங்கள் ஊர்க் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும். சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் மழை பெய்வதில்லை. நிலத்தடி நீரைச் சொட்டு விடாமல் குடித்துவிடும். அதில் பறவை கூடு கட்டாது. நிழலில் கட்டிய மாடு மலடாகும். கேரளாவில் ஒரு மரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, அதனால்தான் அங்கே பச்சைப்பசேல். கீழே, "தமிழனாக இருந்தால் பகிரவும்". இந்த வருடம் ஒரு படி மேலே போய், கண்மாய், ஊருணிக் கரை, புறம்போக்கு, தரிசு என்று எதையும் பிரித்துப் பார்க்காமல் எல்லா இடத்திலும் பொக்லைன் விடுவதற்கு வசூலும் தொடங்கிவிட்டார்கள். நான் முதுகுளத்தூர் வட்டாரம். கரிசலும் உவர்மண்ணும் கலந்த பூமி.

மரத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாயில் அது நிற்கக்கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் ஒரு மாவட்டத்தின் வறட்சி முழுவதையும் ஒரு மரத்தின் தலையில் கட்டுவது சரியில்லை.

மழையை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரத்துக்கு மழை வருவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றில். வங்கக்கடலில் உருவாகும் தாழ்வழுத்தம் இந்தப் பக்கம் வந்தால் உண்டு, ஆந்திரா பக்கம் ஏறிவிட்டால் இல்லை. எங்கள் வேலியில் நிற்கும் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இலை வழியாக நீராவி வெளியே போகும். இதிலும் அப்படித்தான், வேம்பிலும் அப்படித்தான். கேரளாவில் இது காடாகப் பரவாததற்குக் காரணம் யாரோ வெட்டியது அல்ல. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஈர பூமியில் மற்ற மரங்களோடு போட்டி போட இதனால் முடியாது. வெயிலும் வெட்டவெளியும் உப்பும்தான் இதற்குத் தோது.

அடுத்து பறவை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்கள். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தன. சித்திரங்குடிக் கண்மாயில் தண்ணீர் நின்ற வருடம் போய்ப் பாருங்கள். நாட்டுக்கருவேலத்தில் மட்டுமல்ல, சீமைக்கருவேலத்திலும் கொக்கும் நாரையும் கூடு வைத்திருக்கும். சுற்றிலும் தண்ணீர், உள்ளே முள். பூனையும் கீரியும் ஏற முடியாத இடமாகப் பார்த்துத்தான் பறவை வருகிறது. மரத்தின் பூர்வீகம் மெக்சிகோவா, மத்திய அமெரிக்காவா என்று அது விசாரிப்பதில்லை.

இந்தச் செய்திகளை எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்திருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம்.

---

பசுமைக்கரம்

அண்ணே, உங்கள் பதிவைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஊரைத் திரட்டி ஒரு வேலை செய்து பார்த்ததுண்டா? "இந்த மரம் இந்த இடத்தில் கெடுதல், அந்த இடத்தில் பரவாயில்லை, தண்ணீரைக் குடிக்கும், ஆனால் மழையைத் தடுக்காது" என்று சொன்னால் எவன் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான்? "இது எமன், வெட்டு" என்றால்தான் கூட்டம் சேரும்.

2017இல் இந்த மரத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது எத்தனை ஊரில் ஆட்கள் தாமாக இறங்கினார்கள் தெரியுமா? மாணவர்கள், இளைஞர் மன்றம், வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய பணம். அப்புறம் சூழலியல் பாதிப்பு, ஆய்வுக் குழு என்று சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. வேகம் செத்தது. வெட்டிய இடத்தில் எல்லாம் இரண்டே வருடத்தில் மறுபடியும் காடு. "சிக்கலான விஷயம்" என்று பேசுகிறவர்களால் மரத்துக்குத்தான் லாபம்.

---

கண்மாய்க்கரை

தம்பி, ஆள் திரட்டும் சிரமம் எனக்கும் தெரியும். ஆனால் "வெட்டிய இடத்தில் மறுபடியும் காடு" என்று சொன்னீர்களே, அதற்குத் தடை உத்தரவு மட்டுமா காரணம்? பல ஊர்களில் வெட்டினார்கள், தோண்டவில்லை. தரைக்கு மேலே அறுத்தால் தூரிலிருந்து பத்துப் பதினைந்து போத்து கிளம்பும். ஒற்றை மரமாக நின்றது புதராகிவிடும். மண்ணுக்குள் ஓர் அடியாவது இறங்கித் தூரைப் பெயர்த்தால்தான் அந்த மரம் சாகும். அது செத்தாலும் கீழே விழுந்த விதை கிடக்கிறது. நெற்றுக்குள் ஓடு கெட்டியான விதை. வருடக்கணக்கில் கிடந்து முளைக்கும்.

"எமன்" என்று சொல்லிக் கூட்டிய கூட்டம் எமனை வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த மழைக்கு முளைத்த கன்றைப் பிடுங்க ஆள் வரவில்லை. ஏனென்றால் செய்தியில் அந்தப் பகுதி இல்லை. எளிய செய்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொய்யான எளிய செய்தி அரைகுறை வேலையில் கொண்டுபோய் விடுகிறது என்கிறேன்.

---

மூட்டக்காரன்

விருதுநகர் மாவட்டம். மூன்று தலைமுறையாகக் கரிமூட்டம் போடுகிறோம். இந்த மாதிரிப் பேச்சில் எங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, அதனால் சொல்கிறேன்.

மானாவாரி பொய்த்த வருடங்களில் எங்கள் ஊர் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். விறகை அறுத்து, நீளவாக்கில் அடுக்கி, தழை போட்டு மூடி, மேலே ஈரமண்ணைப் பூசித் தீ வைப்போம். அப்புறம் இரவு பகலாகக் காவல். எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் கரி எல்லாம் சாம்பலாகிவிடும். புகை வெள்ளையாக வரும்வரை விறகில் ஈரம் இருக்கிறது. நீலம் பாய்ந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். தூர்க்கட்டையில் வரும் கரிக்கு ஒரு விலை, தடி விறகுக்கு ஒரு விலை, குச்சிக்கரிக்கு ஒரு விலை. விறகாகவே மின்சார ஆலைக்குப் போகிறதும் உண்டு.

இத்தனைக்கும் எங்கள் புஞ்சையில் இது வந்தால் நாங்களே முதலில் பிடுங்குவோம். ஒரு ஏக்கரைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு, அதில் விளையப்போகிற பயிரைவிட அதிகம். காடாக அடைந்தால் காட்டுப்பன்றி குடியிருக்கும், ராத்திரி வந்து பக்கத்து நிலக்கடலையைக் கிளறிப்போட்டுவிடும். ஒரே ஆள், ஒரே மரம். கஞ்சி ஊற்றுவதும் அதுதான், காட்டைக் கெடுப்பதும் அதுதான். எங்களைக் கேட்டால் நாங்கள் என்ன பதில் சொல்வது?

---

வரகு

மூட்டக்கார அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் தாத்தா காலத்துப் புஞ்சைகளில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் கண்மாய் மேடிட்டது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தது, ஆக்கிரமிப்பு. வைகைத் தண்ணீர் கடைமடைக்கு வருவது குறைந்தது. பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். உழ ஆள் இல்லை, நிலம் தரிசு. அந்தத் தரிசில்தான் ஆட்டுப் புழுக்கையோடு இந்த விதை விழுந்தது. இன்றைக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு மரம் மட்டும்தான் தெரிகிறது. அதனால் "மரம் வந்தது, விவசாயம் போனது" என்று தலைகீழாகச் சொல்கிறான்.

மரம் வந்த பிறகு திரும்ப உழ நினைப்பவனுக்கு அது பெரிய தடை, மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கே எல்லா மரத்தையும் மாயமாக மறையச் செய்தாலும் வரத்துக்கால் தானாகத் திறந்துகொள்ளாது. ஆக்கிரமிப்பு என்றால் யாராவது ஒரு பெரிய மனிதரின் பெயரைச் சொல்ல வேண்டிவரும். மரத்தைத் திட்டினால் யாருக்கும் கோபம் வராது பாருங்கள்!

---

நீர்மட்டம்

கண்மாய்க்கரை ஐயா, நீங்கள் மழையைப் பற்றி எழுதியது சரி. ஆனால் நிலத்தடி நீரைப் பற்றி ஒன்றும் எழுதாமல் தாண்டிவிட்டீர்கள். செய்தியை மறுக்கிற வேகத்தில் உண்மையான பகுதியையும் மறுத்துவிடக் கூடாது.

இந்த மரம் தண்ணீர் குடிக்கும். நன்றாகவே குடிக்கும். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் பெருமளவு நீர் இதற்குப் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா 1995இலிருந்து நீரை மீட்பதற்கென்றே தனித் திட்டம் வைத்து அன்னிய மரங்களை வெட்டி வருகிறது. அங்கே பரவியிருப்பது இதன் நெருங்கிய உறவு மரங்களும் அவற்றின் கலப்பும். ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் நிலத்தடி நீர் வேருக்கு எட்டும் ஆழத்தில் இருந்தால், கோடை முழுக்க இலை உதிர்க்காமல் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மற்ற மரம் எல்லாம் மொட்டையாக நிற்கும்போது இது பச்சையாக நிற்கிறதே, அந்தப் பச்சைக்கு எங்கிருந்தோ தண்ணீர் வந்தாக வேண்டும்.

அதே சமயம், "வேர் 53 மீட்டர் போகும்" என்று ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அது அரிசோனாவில் டூசான் நகருக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத்தைத் தோண்டியபோது கண்ட, இதன் உறவு மரம் ஒன்றின் வேர். எல்லா இடத்திலும் எல்லா மரமும் அவ்வளவு இறங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கமுதிப் பக்கம் கெட்டிக் களிமண்ணில், கீழே உப்புநீர் இருக்கும் இடத்தில் தோண்டிப் பாருங்கள். வேர் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடியிருக்கும். அங்கே அது குடிப்பது பெரும்பாலும் மேல்மண்ணில் நின்ற மழைத் தண்ணீரை. ஆகவே கேள்வி குடிக்குமா குடிக்காதா என்பது இல்லை. எந்த மண், எவ்வளவு ஆழத்தில் நீர், அந்த நீர் யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்பதுதான். வைகைப் படுகையில் நிற்கும் மரத்தை முதலில் எடுக்கச் சொல்வேன். உவர்த்தரிசில் நிற்பதைக் கடைசியில்.

---

பசுமைக்கரம்

நீர்மட்டம் அவர்களே, நன்றி. ஒருவராவது குடிக்கும் என்று ஒத்துக்கொண்டீர்களே.

ஆற்றுப்படுகை முதலில், உவர்த்தரிசு கடைசியில் என்பது எனக்கும் உடன்பாடுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கூட ஆள் திரட்டலாம். ஆனால் உவர்த்தரிசில் விட்டுவைத்தால் அங்கிருந்து ஆடு விதையைக் கொண்டுவந்து கண்மாயில் போடும். அதற்கு என்ன வழி?

---

கிடைக்காரர்

நான் ஆடு வைத்திருப்பவன். என் பேரன் எழுதித் தருகிறான்.

கோடையில் புல் கருகிவிட்டால் ஆடு இந்த நெற்றைத்தான் தின்னும். இனிப்பாக இருக்கும், ஆடு தேடித் தேடிப் பொறுக்கும். சதைப்பற்று வயிற்றில் கரையும், விதை முழுசாகப் புழுக்கையில் வரும். அப்படி வந்த விதை சும்மா விழுந்த விதையைவிடச் சீக்கிரம் முளைக்கும். எருவுக்காக ஆட்டை ராத்திரி அடைத்துக் கிடை போட்ட வயலில் மழைக்கு அப்புறம் கன்று கன்றாக நிற்பதைப் பார்த்து, வயல்காரர்கள் எங்களைக் கிடை போட விடுவதில்லை. முன்னே கிடைக்குப் பணம் கொடுப்பார்கள்.

நெற்று உதிரும் மாதத்தில் ஆட்டை அடைத்துவைத்து, நெற்றைப் பொறுக்கி அரைத்துக் கொடுத்தால் விதை நொறுங்கிவிடும் என்கிறார்கள். அரைக்கிற கூலி யார் கொடுப்பது?

மாடு மலடாகும் என்பதை நான் பார்த்ததில்லை. ஆனால் வேறு தீவனம் இல்லாமல் நெற்றையே தின்ற மாடு அசை போட முடியாமல் வாயில் எச்சில் ஒழுக மெலிந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

---

கட்ச்வாசி

பெரியவர் கடைசியில் சொன்னதைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பிழைப்புக்காக குஜராத்தின் கட்ச் பக்கம் இருக்கிறேன். இங்கே பன்னி என்று ஒரு பெரிய புல்வெளி. பக்கத்திலுள்ள ரண் என்ற உப்புப் பாலைவனத்தின் உப்பு உள்ளே வராமல் தடுக்க 1960களின் தொடக்கத்தில் வனத்துறையே இந்த மரத்தை நட்டது. இன்றைக்குப் புல்வெளியில் பாதிக்கு மேல் அதுதான். இங்குள்ள மால்தாரிகள் காலங்காலமாக காங்க்ரேஜ் மாடு வளர்த்தவர்கள். நெற்றைத் தின்ற மாடு நோயில் விழுந்தது. எருமை ஓரளவு தாக்குப்பிடித்தது. எருமைக்கு மாறியவர்கள் நிறையப் பேர்.

மருத்துவக் காரணமும் உண்டு. நெற்றில் இருக்கும் ஒரு வேதிப்பொருள், தொடர்ந்து அதிக அளவில் தின்றால் தாடையை இயக்கும் நரம்பைத் தாக்குகிறது. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் இதே மரத்தால் இதே நோய், முகம் ஒரு பக்கம் கோணிப்போகும். அளவாக, மற்ற தீவனத்தோடு கலந்து கொடுத்தால் நல்ல சத்துத்தான். "மாடு மலடாகும்" என்ற வதந்திக்குப் பின்னால் யாரோ ஒரு மாட்டுக்காரர் எதையோ கண்ணால் பார்த்திருக்கலாம். பத்துக் கை மாறி வரும்போது தாடை போய் மலடு வந்துவிட்டது.

கென்யாவில் இன்னொரு கூத்து. பாரிங்கோ பகுதி மக்கள் அரசின் மீது வழக்குப் போட்டு, இந்த நெற்றைத் தின்று பல் போன ஆடு என்று ஓர் ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அங்கேயும் 1980களில் விறகுக்காக, நல்லது செய்வதாக நினைத்து நட்டதுதான்.

---

வரகு

நட்டதும் எளிமையான கணக்கில்தான் என்கிறீர்கள். 1870களில் சென்னை மாகாணத்துக் கடப்பா பக்கம் விதைத்தபோதும் அதே கணக்கு. வறண்ட நிலம், விறகுப் பஞ்சம், வேகமாக வளரும் மரம். கூட்டல் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆட்டை அதில் சேர்க்கவில்லை.

---

புதுவரவு_சிவகங்கை

ஐயாமார்களே, ஒரு சின்னக் கேள்வி. எங்கள் ஊரில் அடுத்த வாரம் பொக்லைன் வருகிறது. ஓட்டுகிறவர் வெளியூர். எங்கள் கோவிலடியில் ஒரு பழைய வன்னி மரம், கண்மாய்க் கரையில் நாட்டுக்கருவேலம், பொட்டலில் குடை மாதிரி ஒரு முள்மரம். எல்லாம் தூரத்திலிருந்து ஒரே மாதிரி இருக்கிறது. எதை விடச் சொல்வது?

---

கண்மாய்க்கரை

இந்த இழையில் உருப்படியான கேள்வி இதுதான்!

பூவைப் பாருங்கள். நாட்டுக்கருவேலத்துக்கு மஞ்சளாக உருண்டைப் பூ. சீமைக்கருவேலத்துக்கு வெளிர்மஞ்சளில் விரல் நீளத்துக்குத் தொங்கும் கதிர். பூ இல்லாவிட்டால் காய். நாட்டுக்கருவேலக் காய் சாம்பல் பூத்து, மணி மணியாக இடையில் இறுகி, பாசி கோத்ததுபோல் இருக்கும். சீமைக்கருவேல நெற்று பழுத்தால் வைக்கோல் மஞ்சள், கொஞ்சம் தட்டை, தடிப்பு, வளைவு, ஒடித்தால் பிசுபிசுவென்று இனிக்கும். பொட்டலில் குடை விரித்து நிற்பது உடைமரம். வெள்ளை உருண்டைப் பூ, சுருண்ட காய்.

வன்னிதான் ஏமாற்றும். பூவும் கதிர்தான், இரண்டும் ஒரே குடும்பம். முள்ளைத் தொட்டுப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் கணுவுக்குக் கணு நீளமான முள், பெரும்பாலும் ஜோடியாக. கிளையும் கோணல்மாணலாக ஓடும். வன்னியில் முள் குட்டை, அடி பருத்து, கணுக்களுக்கு இடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். காய் மெல்லிசு. விருத்தாசலம் கோவிலில் தலமரமாக நிற்பது அதுதான். ராஜஸ்தானில் வன்னியடியில் கம்பு விதைக்கிறார்கள், பயிர் நன்றாக வருகிறது. சீமைக்கருவேலத்தின் அடியில் அப்படி ஒன்றும் வளராது, உதிர்ந்த இலையே மற்ற விதைகளை முளைக்கவிடாமல் செய்யும். உறவுக்காரர்கள்தான், குணம் வேறு.

விட வேண்டிய மரங்களில் எல்லாம் சுண்ணாம்பால் பட்டை அடித்துவிடுங்கள். "முள்மரம் எல்லாவற்றையும் எடு" என்று மட்டும் ஓட்டுநரிடம் சொல்லிவிடாதீர்கள்.

---

பசுமைக்கரம்

சரி அண்ணே, நேரடியாகவே கேட்கிறேன். உங்கள் ஊர்க் கண்மாயை உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? விமர்சனம் வேண்டாம், வேலைத்திட்டம் சொல்லுங்கள். எங்கள் குழுவில் இருபது பேர் இருக்கிறோம்.

---

கண்மாய்க்கரை

முதலில் வரத்துக்கால். அங்கே நிற்கும் மரத்தைத் தூரோடு எடுத்துக் காலை மட்டப்படுத்த வேண்டும். அப்புறம் மடை, மிகுந்த தண்ணீர் வழியும் கலுங்கு ஓரம். அதன் பிறகு உள்வாய். கரைமேல் நிற்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். தூரைப் பெயர்த்த குழியை அப்படியே விட்டால் தண்ணீர் ஏறும்போது அங்கேதான் உடைப்பு எடுக்கும். குழியை மண் போட்டு இடித்துக் கெட்டிக்க ஆள் இருந்தால் மட்டும் கரையில் கை வையுங்கள்.

உள்வாயிலும் பறவை அடையும் திட்டு ஒன்று எங்கள் கண்மாயில் உண்டு. அதை உடனே தொடமாட்டேன். பக்கத்திலேயே நாட்டுக்கருவேலக் கன்று வைத்து, அது கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பேன். மொத்தத்தையும் ஒரே கோடையில் எடுத்தால் அடுத்த கார்த்திகையில் வரும் நாரைக்கு இடம் இருக்காது.

விறகை மூட்டக்காரர்களுக்குக் கொடுங்கள். தூர்க்கட்டை அவர்களே கேட்டு வாங்குவது. அதை அவர்களே தோண்டி எடுத்தால் பொக்லைன் செலவில் பாதி மிச்சம். கூலி போக ஊர்ப் பொதுப்பணத்துக்கும் ஏதாவது வரும்.

---

மூட்டக்காரன்

தூரோடு எடுக்கச் சொன்னால் தாராளமாக வருவோம். கரி விலை விழாமல் இருக்க வேண்டும், அதுதான் பயம். கோடையில் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வெட்டினால் வாங்க ஆள் இருக்காது. ஒவ்வொரு ஊராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

கிடைக்காரர்

எந்த மாதத்தில் எடுப்பீர்கள்? கோடையில் என் ஆடுகள் அந்த உள்வாயை நம்பித்தான் இருக்கின்றன.

---

கண்மாய்க்கரை

பங்குனி, சித்திரை, பெரியவரே. அதற்கு முன்னால் போனால் குஞ்சு பறந்திருக்காது. வைகாசியைத் தாண்டினால் எங்கள் பக்கம் நெற்று உதிர ஆரம்பித்துவிடும், எடுத்த இடத்திலேயே மறுபடி விதைத்த மாதிரி ஆகும். ஒரே வருடத்தில் முழுவதையும் எடுக்கப்போவதில்லை, மேற்குப் பாதி முதலில், கிழக்குப் பாதி உங்கள் ஆட்டுக்கு. தை, மாசியில் தண்ணீர் வற்ற வற்றக் கன்று முளைத்து வரும். மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கலாம். பசுமைக்கரம் தம்பி, உங்கள் இருபது பேரும் வர வேண்டியது அப்போதுதான். பொக்லைனுக்கு வசூல் செய்த பணத்தில் அந்த நாட்களின் சாப்பாட்டுச் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அதே மாசியில் வர வேண்டியிருக்கும்.

---

பசுமைக்கரம்

மாசியில் பசங்களுக்குத் தேர்வு. தைப்பொங்கல் விடுமுறை என்றால் அழைத்து வருகிறேன். தண்ணீர் அதற்குள் இறங்கியிருக்குமா?

---

கண்மாய்க்கரை

மேட்டுப்பக்கம் இறங்கியிருக்கும். பள்ளப்பக்கம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.